அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, லீவுக்குப் பேரப்பிள்ளைகள் சென்னையிலிருந்து வருகிறார்கள். அகராதியை வைத்துப் பொய் அர்த்தம் எழுதும் விளையாட்டைப் பற்றிப் போன இதழில் சொல்லியிருந்தீர்கள். எப்படி ஆடுவது? பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத்துப்பிழை அதிகம். ஆட முடியுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தாராளமாக ஆடலாம் அம்மா. நாலு பேராவது வேண்டும். ஒருவர் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத சொல் ஒன்றைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அகராதிக்காரர் உண்மைப் பொருளையும் எழுதிச் சேர்த்து, கலக்கி வாசிப்பார். நிஜத்தைக் கண்டுபிடித்தால் இரண்டு புள்ளி. உங்கள் பொய்யை நம்பியவர் ஒவ்வொருவருக்கும் உங்களுக்கு ஒரு புள்ளி. அப்புறம் அகராதி அடுத்தவர் கைக்குப் போகும்.

இதே சாயலில் பிபிசி 1965-இல் ‘கால் மை பிளஃப்’ என்று தொலைக்காட்சியில் நடத்தியது. கனடாவில் 1984-இல் ‘பால்டர்டாஷ்’ என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். நமக்குப் பெட்டி எதற்கு? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேல் சொற்கள் இருக்கின்றன.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். ‘ஞெலிகோல்’ (தீக்கடையும் கோல்) வேண்டாம், கோல் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ‘வெருகு’ அருமையான சொல். எங்கள் பாளையங்கோட்டை வீட்டுப் பட்டாசலில் பாய் விரித்து ஆடியபோது, அதற்கு வந்த சீட்டு ஒன்று: ‘தீராத மனவருத்தத்தால் உண்டாகும் ஒருவகை அச்சம்’. யாரும் சீந்தவில்லை. இன்னொன்று: ‘கடவப்பெட்டியின் வாயோலை முடிச்சு’. எழுதியது ஏழாம் வகுப்புப் பிள்ளை. ஆச்சி கடவப்பெட்டிக்குப் பனையோலை முடைவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அத்தனை பேரும் விழுந்தோம். வெருகு என்றால் காட்டுப்பூனை!

அகராதி பேசுவது போலச் சுருக்கமாக, கண்ணால் பார்த்த பொருளை எழுதுகிறவர்தான் இதில் கெட்டி. இலக்கணத் தமிழ் வேண்டியதில்லை. பிள்ளைகளை ஆட்டத்துக்கு முன்னால் தோட்டம், அடுக்களை, உரக்குழி எல்லாம் ஒரு சுற்று சுற்றவிடுங்கள். எழுத்துப்பிழைக்கும் வழி இருக்கிறது. வாசிப்பவர் ஒவ்வொரு சீட்டையும் முதலில் மனசுக்குள் படித்துக்கொள்ள வேண்டும். ஓரிடத்தில் திக்கினாலும் அது பிள்ளை எழுதியது என்று தெரிந்துபோய், நல்ல பொய் ஒன்று வீணாகிவிடும்.

கேள்வி: எங்கள் மாமா தமிழாசிரியர். எந்தச் சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரிகிறதே?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: மாமாவுக்கு ‘எகினம்’ கொடுங்கள். அன்னம் என்று எழுதுவார். நாய், புளியமரம் என்றும் அதற்குப் பொருள் உண்டு. அகராதிக்காரர் புளியமரத்தை எடுத்துக்கொள்ளட்டும். மாமா எழுதியதும் சரிதான் என்பதால் இரண்டு புள்ளி கொடுத்து, அந்தச் சீட்டை வாசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். நியாயம் நியாயம்தானே.

நிகண்டு என்னும் பழைய சொற்பொருள் நூல்களில் வரும் சொற்களில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அதனால் அகராதி வைத்திருப்பவர் ஒரு சொல்லுக்குப் போட்டிருக்கும் எல்லாப் பொருளையும் கடைசி வரை படித்துவிட வேண்டும். ‘கழுது’ என்றால் பேய் என்று பார்த்ததுமே மூடிவிட்டால், ‘வயலில் காவலுக்குக் கட்டும் பரண்’ என்று எவரோ சும்மா எழுதியது நிஜப் பொருளாகவே அமைந்துவிட்டது தெரியாமல், அவருக்குச் சேர வேண்டிய புள்ளி போய்விடும்.