பழைய நெகட்டிவ்களுக்கு எந்த ஸ்கேனர்?

வணக்கம். அப்பா எடுத்த படங்களையும் நெகட்டிவ்களையும் கணினியில் ஏற்ற கேனான் லைட் (LiDE) 400 ஸ்கேனர் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அச்சிட்ட படங்களுக்குத் தாராளமாகப் போதும். நெகட்டிவுக்கு ஆகாது, அதற்கு மூடியிலிருந்து ஒளி வர வேண்டும். எப்சன் வி600 மாதிரி ஒன்றுதான் சரி. தூசி, கீறலை அகற்றும் டிஜிட்டல் ஐஸ் வசதியும் அதில் உண்டு. ஆனால் வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதை அணைத்துவிடுங்கள், வெள்ளித் துகள்களையே தூசி என்று எடுத்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும்.

லைட் 400 பெட்டியில் போட்டிருக்கும் 4800 டிபிஐயை (அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) பார்த்து மயங்க வேண்டாம். அச்சுப்படத்துக்கு 600 தாண்டினால் பெரும்பாலும் கோப்பின் அளவுதான் பெருகும். 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400 வையுங்கள்.

அப்புறம், ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். பக்கத்தோடு வையுங்கள், கண்ணாடியில் முழுக்கப் படியாவிட்டாலும் வி600 ஓரளவு தெளிவாகவே எடுக்கும்.