இலை போடாமல் தைலம் வருமா?

அன்புள்ள ஐயா,

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கரிமச் சேர்மங்கள் (கார்பன் அடங்கிய பொருள்கள்) தாமாகவே உருவாவதாக எழுதியிருந்தீர்கள். நாங்கள் தைலம் காய்ச்சுகிற குடும்பம். கற்பூர மரத்து இலையை அண்டாவில் திணித்து அடுப்பை மூட்டினால் ஆவியோடு எண்ணெய் வரும். வெறும் தண்ணீரைக் காய்ச்சினால் வருமா? கடலடியிலும் செத்த உயிர்களின் மிச்சம்தானே வேகிறது?

வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

பாதி நியாயம் உங்கள் பக்கம்தான். கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் பள்ளத்தில், மேலிருந்து செத்து விழும் நுண்ணுயிர்களின் சேறு நூற்றுக்கணக்கான மீட்டர் படிந்திருக்கிறது. அடியில் எரிமலைச் சூடு. அங்கே ஊறும் பெட்ரோலியத்துக்கு 5000 வயதுகூட இல்லை. சாட்சாத் உங்கள் அண்டாதான்.

ஆனால் 2000-இல் அட்லாண்டிக்கில் கண்ட ‘லாஸ்ட் சிட்டி’ என்ற வெந்நீர் ஊற்றுத் தொகுதியில் போடுவதற்கு இலையே இல்லை. அடியில் இருப்பது மேன்டிலிலிருந்து, அதாவது பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கிலிருந்து, மேலேறி வந்த பாறை. மேலே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூண்கள்; உயரமானது 60 மீட்டர். கரும்புகைபோல் நீரைக் கக்கும் வேறு வகை ஊற்றுகள் 350 டிகிரியைத் தாண்டும், இங்கே 40 முதல் 90 தான். பாறையின் ஆலிவின் தாதுவுக்குள் கடல்நீர் புகும்போது, அதிலுள்ள இரும்பு தண்ணீரின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. ஹைட்ரஜன் தனியே மிஞ்சுகிறது. அது கார்பனோடு சேர்ந்து மீத்தேன், ஈத்தேன், எறும்புக்கடியில் எரிகிற அமிலத்தின் உப்பான ஃபார்மேட் எல்லாம் உண்டாகின்றன. (தொட்டபெட்டாவின் சார்னகைட் பாறையை ஊறப்போட்டுப் பார்க்காதீர்கள், அதில் ஆலிவின் கிடையாது.)

உயிர் செய்ததல்ல என்று எப்படித் தெரியும்? கடல்நீரில் கரைந்த கார்பனில் கொஞ்சம் கார்பன்-14 இருக்கும்; இது காலப்போக்கில் சிதைந்து மறைந்துவிடும் கதிரியக்கக் கார்பன். 2008-இல் வெளியான ஆய்வின்படி, லாஸ்ட் சிட்டியின் மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன்களில் அது இல்லை. ஆகவே சரக்கு பாறையில் அடைபட்டிருந்த பழைய கார்பன். நிலக்கரியிலும்தான் கார்பன்-14 இல்லை என்று நீங்கள் மடக்கலாம். அதற்கும் ஒரு பிடி இருக்கிறது: மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் என்று சங்கிலி நீள நீள, சற்றே கனமான வகையான கார்பன்-13 குறைந்துகொண்டே போகிறது. உயிர்ப்பொருள் வெந்து வரும் வாயுவில் பொதுவாக இது தலைகீழாக இருக்கும்.

இதை வைத்து ‘உயிர் பிறந்த இடம் கிடைத்துவிட்டது’ என்று தலைப்புப் போடுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. அங்கே வெந்நீரில் கிடைத்த அமினோ அமிலங்கள் (புரதங்களின் செங்கற்கள்) அங்கேயே வாழும் நுண்ணுயிர்களின் கைவரிசை என்றுதான் கருதுகிறார்கள். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒன்று மட்டும், லாஸ்ட் சிட்டி நிற்கும் கடலடி மலையைத் துளைத்தெடுத்த பாறையில், இரும்பு மிகுந்த களிமண்ணின் துணையால் உயிரின்றியே உருவானதாக 2018-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குழு எழுதியது.