20 நாளில் ஸ்கோபஸ் வெளியீடு: பணம் கட்டலாமா?

கேள்வி: மரைக்காயர்பட்டினம், சின்னப்பாலம் பகுதிகளில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் தோல் புண், கண் எரிச்சல், பிள்ளைகளின் படிப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேடு ஒப்படைக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். வாட்ஸப்பில் ஒரு ஏஜென்ட், "உடல்நலம், கல்வி, சமூகம், சுற்றுச்சூழல் எல்லாவற்றுக்குமான ஸ்கோபஸ் இதழ், 20 நாளில் வெளியீடு, ரூ.18,000" என்கிறார். கட்டுரையை அனுப்பிவிட்டேன், பணம் கட்டவில்லை. கட்டலாமா? – வாசகி, மண்டபம்.

பதில்: கட்ட வேண்டாம். "இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி" என்று அடுத்த செய்தி வரும். அப்போதும் கட்ட வேண்டாம்.

ஒழுங்கான ஆய்விதழில் ஆசிரியர் முதலில் பார்ப்பார். பிறகு துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் படித்துக் குறை எழுதுவார்கள். நீங்கள் திருத்தி அனுப்பியதை மறுபடி பார்ப்பார்கள். இதற்கு நான்கைந்து மாதம் சாதாரணமாக ஆகும், ஒரு வருடமும் இழுக்கும். அனுப்பும்போதே வெளியீட்டுத் தேதியைச் சொல்ல முடிகிறதென்றால், அங்கே கட்டுரையை யாரும் படிப்பதில்லை.

ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தரவுத்தளம். ஒரு இதழ் அதில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஏஜென்ட் அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஸ்கோபஸ் தளத்தின் இதழ்ப் பட்டியலைப் பார்க்கப் பணம் தேவையில்லை. அதில் இதழின் பெயரைப் போட்டுத் தேடாமல், ஒவ்வொரு இதழுக்கும் தனியாகத் தரப்படும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைப் போட்டுத் தேடுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல இதழ்கள் உண்டு. இதழ் வந்ததும் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ற வரியைப் படியுங்கள். "இன்று வரை" என்று இருக்க வேண்டும். 2022-உடன் முடிந்திருந்தால் அந்த இதழைச் சேர்ப்பதை ஸ்கோபஸ் நிறுத்திவிட்டது என்று பொருள். பட்டியலில் பெயர் மட்டும் பழைய நினைவாக நிற்கும். அதைக் காட்டித்தான் பாதிப் பேரை ஏமாற்றுகிறார்கள்.

மீதிப் பேர் விழுவது போலித் தளத்தில். உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே மாதிரி இன்னொரு இணையதளம் கட்டியிருப்பார்கள். பதிப்பாளர் பெயரும் நாடும் ஸ்கோபஸில் உள்ளதோடு பொருந்துகிறதா, உங்களுக்கு வந்த தள முகவரி சர்வதேச ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் பதிவான முகவரிதானா என்று பாருங்கள். கடைசி இரண்டு இதழ்களின் பொருளடக்கத்தையும் திறந்து பாருங்கள். கடற்புல் கட்டுரைக்குப் பக்கத்தில் வங்கிக் கடன், அதற்கடுத்து யோகா, ஒரே இதழில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் என்று இருந்தால் அது கடை. ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது தரத்துக்குச் சான்று ஆகாது, இந்தியாவில் அதைக் கட்டணமில்லாமலே தருகிறார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரும் டி.ஓ.ஐ. அடையாள எண் வீட்டுக் கதவிலக்கம் போன்றது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பணம் கேட்கும் இதழ் எல்லாம் மோசடி இதழ் ஆகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடும் நல்ல இதழ்கள் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. சில இதழ்களில் அது லட்சத்தைத் தாண்டும். ஆனால் அந்தத் தொகை இதழின் சொந்தத் தளத்தில் முன்பே போட்டிருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் கேட்பார்கள். பதிப்பு நிறுவனத்தின் பெயரில் பில் வரும். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்லும் பேச்சே அங்கே இருக்காது. பெரிய பதிப்பாளர்களின் பல இதழ்களில், கட்டுரை ஏற்கப்பட்டதும் யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த வழியா, படிப்பவர் பணம் கட்டும் சந்தா வழியா என்று கேட்பார்கள். சந்தா வழியைத் தேர்ந்தால் அவற்றில் பெரும்பாலானவற்றில் உங்களுக்குச் செலவில்லை. ஆய்வேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டுரை உண்மையிலேயே கட்டாயமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஆய்வேட்டுக்கு முன் இதழ்க் கட்டுரை வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தன் 2022 முனைவர் பட்ட விதிகளில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் சொந்த விதியாக வைத்துக்கொள்ளலாம், பல வைத்திருக்கின்றன. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய அச்சிட்ட விதியை வாங்கிப் பாருங்கள். "ஸ்கோபஸ்" என்று இருக்கிறதா, "துறை வல்லுநர் மதிப்பிட்ட இதழ்" என்று மட்டும் இருக்கிறதா? அலுவலகத்தில் வாய்வழியாகச் சொல்வதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கத்தக்க இதழ்கள் என்று 2018-இல் தொடங்கிய கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டு, நல்ல இதழை நிறுவனங்களே தீர்மானிக்கட்டும் என்றது. தீர்மானிக்கும் பொறுப்பைக் கல்லூரிகள் மாணவர் தலையில் தள்ளினால், அந்த இடைவெளியில் ஏஜென்ட்தான் கடை விரிப்பார். கட்டுரை எண்ணிக்கை கேட்கிறவர்கள் ஒரு தடவையாவது கட்டுரையைப் படித்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை அந்தப் பெண்களின் விவரம். ஊரும் வயதும் நோயும் சேர்ந்த எக்செல் கோப்பை ஏஜென்டுக்கு அனுப்பியிருக்கிறீர்களா? சின்ன ஊரில் பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இனி அனுப்பாதீர்கள். உடல்நல ஆய்வுக்கு நிறுவன அறநெறிக் குழுவின் அனுமதி விவரம் சேகரிக்கும் முன்பே வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். பழைய தேதி போட்டு அனுமதிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால், பட்டத்தையே பறிக்கக்கூடிய காகிதம் அது.

ஆய்வை இரண்டாகப் பிரியுங்கள். தோலும் கண்ணும் ஒரு கட்டுரை: தொழில்சார், சுற்றுச்சூழல் மருத்துவத்துக்கான இந்திய இதழ் ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள். வருமானம், படிப்பு இன்னொன்று: இந்தியன் ஜர்னல் ஆஃப் பிஷரீஸ், அல்லது 1958-இல் மண்டபம் முகாமிலேயே தொடங்கிய கடல் உயிரியல் சங்கத்தின் இதழ். அனுப்பும் முன் மேலே சொன்ன சோதனையை இவற்றுக்கும் செய்யுங்கள்.

ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதால் முதலில் மீட்டெடுக்க வேண்டும். ஏஜென்டுக்கும் இதழின் மின்னஞ்சலுக்கும் இன்றே ஒரு கடிதம் அனுப்பி, நெறியாளருக்கும் நகல் வையுங்கள்: கட்டுரைத் தலைப்பு, அனுப்பிய தேதி, "திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை, பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடவில்லை." படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் கடைசி வாக்கியத்தை மாற்றி, படிவம் ரத்து என்று எழுதுங்கள். திரும்பப் பெறக் கட்டணம் கேட்பார்கள். அதையும் கட்டாதீர்கள். அனுப்பிய மின்னஞ்சலையும் வாட்ஸப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் அனுமதியின்றிக் கட்டுரை எங்காவது வெளிவந்தால் பல்கலைக்கழகத்துக்குக் காட்ட அதுதான் ஆதாரம்.