ஒன்றே முக்கால் கிலோமீட்டரையும் 2.6 கிலோமீட்டரையும் எப்படிக் கூட்டுவது?

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பின்னமும் தசமமும் கலந்த தூரக் கணக்கு பிடிபடவில்லை, எளிய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். முதலில் எல்லாவற்றையும் மீட்டராக மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து ஐந்து விளக்கு என்ற இடத்துக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டர், அங்கிருந்து பள்ளிக்கூடம் 2.6 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1750 மீட்டரும் 2600 மீட்டரும் சேர்ந்தால் 4350 மீட்டர், அதாவது 4.35 கிலோமீட்டர். விடை கையில் இருக்கிறது என்றாலே பாதி பயம் போய்விடும்.

பிறகு அதையே 1.75 + 2.6 என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். வலது ஓரத்தை ஒட்டி, 5-க்குக் கீழே 6-ஐ எழுதி, 2.01 என்பார்கள். திட்டாதீர்கள். "பள்ளிக்கூடத்துக்கு மட்டுமே 2.6 ஆச்சே, மொத்தம் எப்படிம்மா அதைவிடக் குறையும்?" என்று கேளுங்கள், அவளே பிடித்துவிடுவாள். புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வர வேண்டும், 2.6-ஐ 2.60 என்று எழுதினால் இடம் மாறாது.

கால் 0.25, அரை 0.5, முக்கால் 0.75, அரைக்கால் 0.125. இவை மனப்பாடமாக இருக்கட்டும். நம் பழைய பின்னங்களில் மா என்பது இருபதில் ஒன்று, 0.05; வீசம் பதினாறில் ஒன்று, 0.0625, முந்திரி 320-இல் ஒன்று, 0.003125. எல்லாமே தசமத்தில் ஓர் இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன. கீழ் எண்கள் யாவும் 2, 5 ஆகியவற்றை மட்டும் பெருக்கி வந்தவை. பத்தும் அதே 2, 5-ஆல் ஆனதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஓதிய பின்ன வாய்பாடு இன்றைய தசமத்தோடு அப்படியே பொருந்திப்போகிறது.

கீழே 3 வந்தால் மட்டும் தசமத்துக்குப் போகவேண்டாம். மூன்றில் ஒரு கிலோமீட்டர் 0.333 என்று முடியாமல் ஓடும். அதோடு 2.5-ஐக் கூட்டவேண்டுமானால், 2.5-ஐ இரண்டரையாக்குங்கள்: 1/3 + 5/2 = 2/6 + 15/6 = 17/6. அதாவது இரண்டு முழுக் கிலோமீட்டரும், ஆறில் ஐந்து பங்கும்.