சிவப்பு அக்லோனிமா: இலையைப் பார்த்து விலை பேசாதீர்கள்

கேள்வி: நர்சரியில் 350 ரூபாய் கொடுத்து ‘லிப்ஸ்டிக்’ அக்லோனிமா (இலையில் சிவப்பு ஓடும் வீட்டு அழகுச்செடி) வாங்கி, ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர்தான் விட்டேன். மூன்றே வாரத்தில் அடி இலைகள் மஞ்சளாகித் தொங்கிவிட்டன, தண்டின் அடி கொழகொழக்கிறது. கெட்டுப்போன செடியை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: செடி நல்ல செடியாகவே இருந்திருக்கலாம். கெடுத்தது அது நிற்கும் கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள். ஆந்திராவின் கடியத்திலிருந்தும் புனே பக்கமிருந்தும் லாரி ஏறி வரும் செடிகள் பலவும், எடை குறைய வேண்டும் என்பதற்காக முழுக்க கோகோபீட்டிலேயே வளர்க்கப்பட்டவை. நிழல்வலைக்குக் கீழே நல்ல வெளிச்சத்தில் இருந்தவரை செடி அந்த ஈரத்தைக் குடித்துத் தீர்த்தது. டிவி மூலையில் வெளிச்சம் பல மடங்கு குறைவு. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். கோகோபீட்டின் மேற்பரப்பு ஒரே நாளில் வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும், அடியில் சொதசொதவென்றே இருக்கும். மேலே பார்த்துத் தினமும் ஊற்றினால், கீழே காற்றில்லாமல் வேர் அழுகும். அடியில் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

செடியை முழுதாகக் கைவிட வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்து வேரைக் கழுவுங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருப்பது உயிருள்ள வேர். பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வருவது செத்த வேர். தண்டை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போங்கள். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ துளிகூட இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். கார்பென்டாசிம்–மான்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லியை (‘சாஃப்’ என்று கேட்டால் கிடைக்கும்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு வெட்டிய தண்டை அதில் பத்து நிமிடம் முக்கி, சில மணி நேரம் நிழலில் உலரவிட்டு ஈர மணலில் நடுங்கள். நான்கைந்து வாரத்தில் வேர் பிடிக்கும்.

பிறகு கலவையை மாற்றுங்கள்: கோகோபீட் 2 பங்கு, கழுவிய கரடான மணல் அல்லது பெர்லைட் (எடையில்லாத வெள்ளைக் கல்துகள்) 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, உடைத்த கரித்துண்டு ஒரு கைப்பிடி. தொட்டி வேர்ப்பந்தைவிட ஓரிரு அங்குலம் பெரிதாக இருந்தால் போதும். இடம், கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள். நேர்வெயில் பட்டால் சிவப்பு வெளுத்துக் கருகும். ஜன்னலே இல்லாத மூலைதான் உங்களுக்கு வாய்த்தது என்றால் சிவப்பு ரகத்தை விட்டுவிட்டு, ‘சில்வர் குயின்’ போன்ற பச்சை–வெள்ளி ரகம் வாங்குங்கள். தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். இரண்டு அங்குல ஆழம் மரக்குச்சியைச் செருகி எடுங்கள். ஒட்டாமல் வந்தால் ஊற்றலாம்.

கேள்வி: அடுத்த முறை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: வேரை. தண்டின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். விழப்போகும் பல்போல ஆடினால், அது அண்மையில் செருகிய, வேர் பிடிக்காத தண்டுத்துண்டு. அதற்கு முழு விலை கொடுக்காதீர்கள். தொட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. புளித்த வாடை வந்தால் வைத்துவிடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. வீட்டிலுள்ள மற்ற செடிக்கும் பரவும். ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று நிற்பதைவிட, மூன்று நான்கு கன்று கிளம்பிய குட்டைச் செடியே காசுக்குப் பெறும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய செடி வேரே இல்லாமல் வந்தது. ‘செடிகளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார் விற்றவர்.

பதில்: குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளில் இருக்கிறது. படமும் ஆர்டர் எண்ணும் வைத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பெட்டியைப் பிரிக்கும்போதே இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்து வைப்பது பெரிய பலம். வாட்ஸ்அப்பில் பேசி முன்பணம் அனுப்பி வாங்கியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவது கடினமாகிவிடும். தெரியாத ஆளிடம் முழுத் தொகையை முன்னதாக அனுப்பாதீர்கள். நீல அக்லோனிமா விதை என்று வருவதைத் தொடவே வேண்டாம். அந்த நீலம் படத்தில் ஏற்றிய நீலம்.

கேள்வி: ‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி’ என்று 200 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1989இல் நாசா செய்த சோதனை, மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, சாதாரணக் கட்டடத்தின் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவை என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வைப்பது இலவசம். இன்னொன்று: அக்லோனிமா இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: வேர் நன்றாக இருந்தும் இலை நுனி பழுப்பாகக் காய்கிறது. ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குத்தான் விடுகிறோம்.

பதில்: அதுதான் காரணமாக இருக்கும். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோ கொடுங்கள். இப்போதைக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள், வடிந்ததைத் தட்டில் தேங்கவிடாதீர்கள். மேலே வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள். காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது. அடுத்து வரும் இலையைக் கவனியுங்கள்.