டட்லி பக்கம் பழைய பப்களில் எதற்குப் போகலாம்? அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

இங்கிலாந்தில் டட்லிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது, பழைய பப் பழைய பப் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள், அதில் என்ன விசேஷம், எதற்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் லண்டன் பப்களைச் சொல்லியிருக்கிறார்கள். சதக்கில் உள்ள ஜார்ஜ் இன் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. 1677ல் திரும்பக் கட்டியது. குதிரை வண்டியில் வந்தவர்கள் தங்கிய அந்த மரத் தாழ்வாரம் லண்டனில் மிஞ்சியிருப்பது அங்கே மட்டும்தான். ஆனால் டட்லியில் இருப்பவரை நூறு மைலுக்கு மேல் ரயிலேற்றி அனுப்புவது ஒரு பதிலா? நீங்கள் இருப்பது பிளாக் கன்ட்ரி. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையும் சங்கிலிப் பட்டறையுமாக இருந்த ஊர்கள். உலை முன்னால் நின்று வெந்தவன் வேலை முடிந்து வந்து உட்காரக் கட்டிய கடைகள் உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கின்றன.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தனியாக வந்திருப்பீர்கள். ஒரு அறை, ஒரு ஹீட்டர். வேலை, கடை, வீட்டுக்கு வீடியோ கால். ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் இருக்காது. 2004ல் நான் அப்படித்தான் இருந்தேன். நர்ஸ் வேலைக்கு வந்தவள், சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம்.

முதல் டிசம்பர். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி அன்று மத்தியானம் இறந்துபோனார். இங்கே வந்து நான் பார்த்த முதல் மரணம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால், நெதர்டன் வந்ததும் டிரைவர் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டார். வண்டி அதற்குமேல் போகாதாம். மழை. அடுத்த பஸ் எப்போது என்று தெரியாது. எதிரே வெளிச்சம் தெரிந்த ஒரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அதுதான் ஓல்ட் ஸ்வான். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரையே சொல்வதில்லை. பல வருஷம் அதை நடத்திய டோரிஸ் பார்டோ என்ற அம்மாவின் பெயரால் "மா பார்டோஸ்" என்பார்கள்.

ஒரே புகை. அப்போது உள்ளேயே சிகரெட் பிடிப்பார்கள், தடை வந்தது 2007 ஜூலையில்தான். கண் எரிந்தது. முழுக்க ஆண்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே போய்விடலாமா என்று நின்றபோது கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் "ஆர் யூ ஆல்ரைட், பாப்?" என்றார். இந்தப் பக்கம் யாரையும் பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் பெரியவர்கள் "மக்களே" என்பார்கள் பாருங்கள், அச்சு அசல் அதே தொனி. அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ கிடைக்குமா என்று கேட்டேன். டீ விற்கிற கடை இல்லை அது. அவர் உள்ளே போய்த் தனக்கு வைத்திருந்த கோப்பையில் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.

முன்னறையின் நடுவில் இரும்பு அடுப்பு ஒன்று, அதன் புகைக்குழாய் நேராக மேலே போகும். குழாயோடு சேர்த்துக் கண்ணை மேலே கொண்டுபோனால் கூரை. எனாமல் தகடு பதித்த கூரை, அதில் பெரிய அன்னம் ஒன்று வரைந்திருக்கும். தொப்பி போட்ட ஒரு தாத்தா தன் ஸ்டூலை அடுப்புப் பக்கம் நகர்த்தி என்னை உட்காரச் சொன்னார். என்ன வேலை, எந்த ஊர், எதற்கு அழுகிறாய், எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு நங்கூரக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரம் இந்த நெதர்டனில், ஹிங்லி பட்டறையில் 1911ல் செய்தது. ஏறத்தாழ 16 டன். அதை வண்டியில் ஏற்றி 20 குதிரைகள் பூட்டி டட்லி ரயில் நிலையம் வரை இழுத்துப்போனார்கள். அவருடைய தாத்தா சிறுவனாக ரோட்டோரம் நின்று அதைப் பார்த்தாராம். குதிரைகள் போன வழியை மேஜையில் சிந்திய பீரில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை, இந்த ஊர்ப் பேச்சு அப்படி. ஆனால் அந்த விரல் நகர்ந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இரண்டு பஸ் போய்விட்டது.

பப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, இதுதான் இருக்கிறது. ஒரு ஆள் தனியாக வந்து உட்காரலாம், ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், பேச்சு வேண்டுமென்றால் அதுவும் கிடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீழே கருத்துப் பெட்டியில் "ஒரு நர்ஸ் குடிக்கச் சொல்லித்தருகிறாள்" என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: என் தாய்மாமா குடித்தே செத்தவர். கல்லீரல் வீங்கிக் கண் மஞ்சளாகிக் கிடந்தவருக்குப் பதினெட்டு வயதில் நான்தான் கஞ்சி ஊட்டினேன். இங்கேயும் வார்டில் அதே மஞ்சள் கண்களைப் பார்க்கிறேன். இந்த நாட்டு மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால்) மேல் வேண்டாம் என்பது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே அளவு. 4.3 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, 2.4 யூனிட். கணக்கு எனக்குத் தெரியும். நான் வாங்குவது அரை பைன்ட், பல நாள் வெறும் லெமனேட். குடிக்காதவர்கள் போகக் கூடாத இடம் இல்லை அது. பார் என்றதும் நம் மனதில் டாஸ்மாக் பக்கத்துக் கொட்டகைதான் வருகிறது, அது நம் தப்பில்லை. நம் ஊரில் ஒரு பெண் போய் உட்காரும்படி யாரும் அதைக் கட்டவில்லை.

என் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு சொந்தக்காரர் என் அம்மாவுக்குப் போன் போட்டு, மகள் கெட்டுப்போய்விட்டாள் என்றார். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, பீருக்கு வருகிறேன். பழைய பப்பில் கைப்பம்பு இருக்கும், நீளமான மரப்பிடி. அதை இழுத்து ஊற்றுவதுதான் காஸ்க் ஏல். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், கீழே நிலவறையில் இருந்தபடியே கடைசி நொதிப்பு நடக்கும். வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பீர் வேறு, இது வேறு. நிலவறைக் குளிர்ச்சியில், 12 டிகிரி வாக்கில் தருவார்கள். "சூடான பீர்" என்று நம்மவர்கள் முகம் சுளிப்பது இதைத்தான். ஐஸ் போலக் குளிர்ந்தால் வாசனை செத்துவிடும். பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீரவேண்டும், இல்லையென்றால் காடியாகிவிடும். என் தாத்தா பனையேறி. அக்கானி, அதாவது பதநீர், இறக்கின நேரம் முதல் மணிக்கு மணி மாறிக்கொண்டே இருக்கும், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அது தானே கள்ளாகும் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவள் நான். காஸ்க் ஏலைப் பற்றிக் கடைக்காரர் சொன்னபோது எனக்குப் புதிதாக எதுவும் சொன்னது போல இல்லை. கூட்டம் வருகிற கடையில்தான் பீர் நன்றாக இருக்கும் என்பதன் காரணமும் இதுதான்.

காஸ்க் ஏலைக் காக்க 1971ல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கியபோது, தன் கட்டடத்திலேயே பீர் காய்ச்சிய பழைய பப்கள் நாட்டில் நான்குதான் மிஞ்சியிருந்தன. அதில் ஒன்று மா பார்டோஸ்.

செட்ஜ்லியில் பீக்கன் ஹோட்டல் என்று ஒன்று, பெயர்தான் ஹோட்டல். அதைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் சின்னக் கூண்டு மாதிரி பரிமாறும் இடம், சுற்றிலும் அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு சின்ன ஜன்னல் திறப்பு. குனிந்து முகத்தை அதில் வைத்துத்தான் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கும், ரயில்வே டிக்கெட் கவுன்டரில் பேசுவது போல. 1921ல் இதை வாங்கிய சாரா ஹியூஸ் என்ற பெண்ணின் பெயரில்தான் இன்றும் பின்னால் பீர் காய்ச்சுகிறார்கள். நடுவில் பல வருஷம் நின்றுபோனதை 1987ல் பேரன் மீண்டும் தொடங்கினார். பீரின் பெயர் டார்க் ரூபி மைல்டு, கருஞ்சிவப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் திராட்சைப் பழச்சாறு மாதிரி இருக்குமோ என்று நினைக்காதீர்கள், கருப்பட்டிப் பாகுதான். 6 சதவீதம், கவனம். அரை பைன்ட் போதும்.

பிரையர்லி ஹில்லில் டெல்ஃப் ரோட்டில் வைன் என்ற பப் இருக்கிறது, பக்கத்திலேயே பேதம்ஸ் பீர் ஆலை, 1877ல் தொடங்கிய குடும்பம். பப்பின் நெற்றியில் ஷேக்ஸ்பியர் வரி ஒன்றைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். ஊர்க்காரர்கள் அதைக் கூப்பிடும் பெயர் "புல் அண்ட் பிளாடர்". சீஸும் வெங்காயமும் வைத்த காப் வாங்குங்கள். காப் என்றால் இந்தப் பக்கத்து உருண்டை ரொட்டி. வெள்ளி இரவு நிற்க இடம் இருக்காது, வார நாளில் போங்கள்.

இதற்கெல்லாம் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். செயலியில் இரண்டு நிமிடம் என்று காட்டும், அப்புறம் அந்த வண்டியே திரையில் இருந்து காணாமல் போகும். பனியில் நின்ற நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷ விடுப்பு வரும். அதற்காகத்தான் கார் வாங்கினேன். கார் வாங்கினால், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் காரை நிறுத்த எங்களிடமே காசு. பன்னிரண்டு மணிநேரம் நின்று நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிறவள், வேலைக்கு வந்ததற்குச் சம்பளத்தில் பிடித்தம் கொடுக்க வேண்டும். ஒருமுறை மாரடைப்பு வந்தவரை விட்டு வர முடியாமல் முக்கால் மணிநேரம் தாமதமானதற்கு அபராதச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். கடிதம் எழுதினேன், "விதிமுறைப்படி" என்று பதில் வந்தது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்பது தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஸ்மெத்விக், வெஸ்ட் ப்ராம்விச் பக்கம் போனால் தேசி பப்கள். பஞ்சாபிகள் நடத்துபவை. இரும்புத் தட்டில் வெங்காயம் பொரிந்து சீறச் சீற மிக்ஸட் கிரில் என்ற சுட்ட இறைச்சி வரும், கூடவே நான் ரொட்டி. சாப்பாட்டுக்காக மட்டும் போகாதீர்கள். அறுபதுகளில் அங்கே பல பப்களில் நிறபேதம் இருந்தது. வார்ப்பாலையில் வெள்ளைக்காரனோடு தோளுரசி வேலை செய்தவனுக்கு, வேலை முடிந்து அவனோடு ஒரே அறையில் உட்கார அனுமதி இல்லை. அவ்தார் சிங் ஜோல் என்ற தொழிலாளர் சங்கத் தலைவரும் தோழர்களும் வேண்டுமென்றே அந்த அறைகளுக்குள் போய்க் கேட்டுக்கேட்டுப் போராடினார்கள். 1965 பிப்ரவரி 12 அன்று அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கு வந்து இதை நேரில் பார்த்தார். ஒன்பது நாளில் அமெரிக்காவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனில் இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. பின்னாளில் நம்மவர்களே அந்த ஊர்களில் பப்களை வாங்கி நடத்தினார்கள். வெஸ்ட் ப்ராம்விச் ரெட் லயனில் அவர்கள் கதையை வண்ணக் கண்ணாடி ஜன்னலாகவே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் எந்தப் பப்பில் நுழைந்தாலும் ஓரமாகத்தான் உட்காருவேன். இந்தக் கதை தெரிந்தபிறகு நடுவில் உட்காருகிறேன்.

ஒன்றை மட்டும் உங்களுக்குக் காட்ட முடியாது. ஹிம்லியில் க்ரூக்கட் ஹவுஸ் என்று ஒன்று இருந்தது. அடியில் சுரங்கம் தோண்டியதில் கட்டடம் ஒரு பக்கம் நாலடி இறங்கிச் சாய்ந்தே நின்றது. அப்பா 2015ல் வந்தபோது கூட்டிப்போனேன். அங்கே கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளுவது போலத் தெரியும். அப்பா நாலைந்து தடவை உருட்டிப் பார்த்தார், அப்புறம் தலை சுற்றுகிறது என்று வெளியே வந்து புல்லில் உட்கார்ந்துகொண்டார். 2023 ஆகஸ்ட் 5 இரவு அது எரிந்தது. இரண்டே நாளில் மிச்சத்தையும் இடித்துத் தள்ளினார்கள். செங்கல் குவியலைப் பார்க்க ஊரே வந்தது, நானும் போனேன். திரும்பக் கட்ட வேண்டும் என்று கவுன்சில் உத்தரவு போட்டது. அப்பா இப்போது இல்லை. அந்தக் கோலிக்குண்டு என் கைப்பையில் இருக்கிறது.

நீங்கள் முதலில் நெதர்டன் போங்கள். திறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு வார நாள் சாயங்காலம் போங்கள். மேஜையில் உட்கார்ந்து ஆள் வரும் என்று காத்திருக்க வேண்டாம், யாரும் வர மாட்டார்கள். கவுன்டரில் நின்று, உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்று கவனித்து, உங்கள் முறைக்குக் கேளுங்கள். எது நல்லது என்று தெரியாவிட்டால் கொஞ்சம் ருசி பார்க்கக் கேட்டால் தருவார்கள். அடுப்புப் பக்கம் இடம் காலியாக இருந்தால், அது யாராவது வழக்கமாக உட்காரும் இடமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.