டாஸ்மேனியா: இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள்

வணக்கம். மே விடுமுறையில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவுக்குப் போகிறோம். ஹோபார்ட்டில் வாடகைக் கார் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிரேடில் மலைக்குக் கிளம்பத் திட்டம். பிள்ளைகளுக்கு வோம்பாட் என்ற குண்டான பைவிலங்கைப் பார்க்க ஆசை. வழியில் விலங்குகள் நிறைய அடிபடும் என்கிறார்களே, அப்படி நடந்தால் என்ன செய்வது?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள். மே மாதத்தில் அங்கே 5 மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பயணம் நாலு மணி நேரத்துக்கு மேல். நீங்கள் மலைச்சாலையில் ஏறும்போதுதான் சிறிய கங்காரு போன்ற வாலபியும் பேடிமெலனும் மேய வெளியே வரும். காலை 9 மணிக்கே புறப்படுங்கள். இரவில் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் கிடையாது.

வோம்பாட்டுக்காக இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். குளிர் மாதங்களில் பிற்பகலிலேயே கிரேடில் மலைப் பூங்காவின் ரானி கிரீக் பலகைப் பாதையோரம் புல் மேயும். பூங்காவின் ஷட்டில் பஸ் அங்கே நிற்கும். வாலபிக்கு ரொட்டி போடவே போடாதீர்கள். தாடையில் சீழ்வைத்துச் சாகும்.

குறுக்கே ஏதாவது பாய்ந்தால் நேராகப் பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங்கை ஒடித்தால் வண்டி கவிழும்.

அடிபட்டுவிட்டால், பாதுகாப்பாக நிறுத்த இடமிருந்தால் மட்டும் இறங்கி, வயிற்றுப் பையைப் பாருங்கள். தாய் செத்துக் குளிர்ந்திருந்தாலும் உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம். வாலபிக்குப் பையின் வாய் முன்பக்கம், வோம்பாட்டுக்குப் பின்பக்கம். முடி முளைக்காத குட்டி காம்பைக் கவ்வியிருக்கும். காம்பு அதன் வாய்க்குள் உப்பியிருப்பதால் இழுத்தால் வாய் சிதைந்துவிடும். காம்பைத் தாயின் உடலை ஒட்டிக் கத்தரித்து, தொங்கும் நுனியைத் துணியோடு ஊக்கால் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் விழுங்கிவிடும். குட்டியைத் தலையணை உறைக்குள் வைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். சூடும் இருட்டும் சத்தமின்மையும்தான் அதற்குத் தேவை. பசும்பால் ஒரு சொட்டும் கூடாது, வயிற்றுப்போக்கிலேயே போய்விடும். பிள்ளைகள் பாவம், தொட்டுப் பார்க்கத் துடிப்பார்கள், விடாதீர்கள். அந்தப் பதற்றமே குட்டியைக் கொல்லும்.

பிறகு தாயின் உடலைச் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி இழுத்துப் போடுங்கள். அதைத் தின்ன வரும் டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணி அடுத்த வண்டியில் சிக்கும். 1996-இல் முதலில் தெரியவந்த முகக்கட்டிப் புற்றுநோயால் ஏற்கெனவே அருகிவிட்ட இனம் அது.

போனராங் வனவிலங்கு மீட்பு மையத்தின் உதவி எண் 24 மணி நேரமும் இயங்கும். அதை ஹோபார்ட்டிலேயே போனில் பதிந்துகொள்ளுங்கள். மலைப்பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, தேட முடியாது.